எண்ணுக்கு முன்னும் பின்னும்: ஆய்வகப் பிழைகளும் நோயாளியின் பாதுகாப்பும்



ஆய்வகப் பணியை வாழ்நாள் தொண்டாகக் கொண்ட ஓர் ஆசிரியரின் நினைவாக, அவரிடம் பயின்றவர்கள் சேர்ந்து ஏற்படுத்திய அறக்கட்டளையின் மேடை இது. நோயாளியின் முகத்தைப் பாராமல், அவருடைய ரத்தத்தை மட்டுமே பார்த்துப் பணியாற்றும் தொழிலுக்கு இப்படியொரு மேடை அமைவது அரிது. 

இந்த அவையில் கையை நீட்டி ரத்தம் கொடுக்காதவர் அநேகமாக எவரும் இருக்க மாட்டார்கள். காலையில் ரத்தம் கொடுத்தால் மாலையில் ஒரு தாள் வருகிறது, அல்லது கைப்பேசியில் ஒரு செய்தி வருகிறது. சர்க்கரை 142, கிரியாட்டினின் 1.1, பொட்டாசியம் 4.3 என்று எண்கள். அந்த எண்களை நம்பித்தான் மருத்துவர் மருந்தைக் கூட்டுகிறார், குறைக்கிறார், அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கிறார், வீட்டுக்குப் போகலாம் என்று அனுப்பிவைக்கிறார். எண் பிழையானால், அவர் எத்தனை தேர்ந்த மருத்துவராக இருந்தாலும் முடிவும் பிழையாகும். ஆய்வகத்தில் நேரும் தவறு நோயாளியின் உடம்பில் போய் விடிகிறது.

நான் சொல்ல வந்தது ஒரே செய்தி. ஆய்வகப் பிழைகளில் பெரும்பகுதி கருவிக்குள் நடப்பதில்லை. மாதிரி கருவிக்குள் போகுமுன்பும், முடிவு கருவியைவிட்டு வந்த பின்பும் நடக்கிறது. நாமோ பணத்தையும் கவனத்தையும் கருவியின் மீதே கொட்டுகிறோம். இதை மாற்றினால்தான் நோயாளி பாதுகாப்பாக இருப்பார்.

கருவியைத் திருத்திய வரலாறு

கருவிக்கு நாம் காட்டும் கவனம் வீண் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கவனத்துக்கு ஒரு பெருமைமிக்க வரலாறு உண்டு. 1947இல் அமெரிக்காவில் பெல்க், சண்டர்மன் என்ற இரு மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பென்சில்வேனியா மாநிலத்தையொட்டிய 59 ஆய்வகங்களுக்கு ஒரே மாதிரியை அனுப்பி, சர்க்கரை, யூரியா, கால்சியம் போன்றவற்றை அளந்து சொல்லுங்கள் என்று கேட்டார்கள். வந்த விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஏற்கத்தக்க விடைகளைவிட ஏற்க முடியாத விடைகளே அதிகம். ஒரே ரத்தம் ஊருக்கு ஊர் வேறு எண் சொல்கிறது என்ற உண்மை அன்றுதான் வெட்டவெளிச்சமாயிற்று.

மூன்றாண்டுகள் கழித்து லீவி, ஜென்னிங்ஸ் என்ற இருவர் அதற்கு ஒரு வழி கண்டார்கள். தொழிற்சாலைப் பொருள்களின் தரத்தைக் கண்காணிக்க ஷூஹார்ட் என்பவர் 1924இல் வகுத்திருந்த வரைபட முறையை 1950இல் ஆய்வகத்துக்குள் கொண்டுவந்தார்கள். விடை தெரிந்த மாதிரி ஒன்றைத் தினமும் கருவியில் ஓட்டுவது, வரும் எண்ணை வரைபடத்தில் புள்ளியாக வைப்பது, புள்ளி கோட்டைத் தாண்டினால் நோயாளிகளின் முடிவை வெளியிடாமல் நிறுத்துவது. இன்றும் நல்ல ஆய்வகங்களின் காலை இப்படித்தான் விடிகிறது. 1981இல் ஜேம்ஸ் வெஸ்ட்கார்ட் அதற்கு நுட்பமான விதிகளைச் சேர்த்தார்.

பெல்க்கும் சண்டர்மனும் செய்ததைப் போலவே, இன்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவ உயிர்வேதியியல் துறை நாடெங்கும் உள்ள ஆய்வகங்களுக்கு மாதிரிகளை அனுப்பி, அவற்றின் விடைகளை ஒப்பிட்டுத் தரம் சொல்கிறது. நம் மண்ணிலிருந்து இந்திய மருத்துவத்துக்குக் கிடைத்த அமைதியான, ஆனால் பெரிய கொடைகளுள் இது ஒன்று. இத்தகைய முயற்சிகளின் பயனாகக் கருவிக்குள் நேரும் பிழை வெகுவாகக் குறைந்தது.

குறைந்ததே தவிர, ஒழிந்துவிடவில்லை. 2021 செப்டம்பரிலும் அக்டோபரிலும் இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் நகரில் இருந்த ஒரு தனியார் ஆய்வகம், கொரோனாத் தொற்று இருந்த ஏறத்தாழ 40,000 பேருக்குத் தொற்று இல்லை என்று முடிவு அனுப்பியது. தொற்று உண்டா இல்லையா என்று பிரிக்கும் எல்லை அளவைத் தவறாக அமைத்திருந்ததே காரணம் என்று பின்னர் நடந்த விசாரணை கூறியது. வீட்டில் செய்த சோதனையில் தொற்று உண்டு என்றும் ஆய்வகத்தில் இல்லை என்றும் வருகிறதே என்று மக்கள் கேட்கத் தொடங்கிய பிறகே உண்மை தெரிந்தது. கருவி எத்தனை நவீனமானாலும், அதைத் தினமும் சோதிக்கும் ஒழுக்கத்துக்கு ஓய்வு கிடையாது.

பதுவை நகரத்து நோட்டுப் புத்தகம்

அந்தோணியாரால் நம் ஊர்களிலும் பெயர் அறியப்பட்ட பதுவை நகரம் இத்தாலியில் உள்ளது. அங்குள்ள பல்கலைக்கழக மருத்துவமனையில் மாரியோ பிளெபானி, பாவ்லோ கராரோ என்ற இருவரும் எளிய வேலை ஒன்றைச் செய்தார்கள். நான்கு வார்டுகளில் நோட்டுப் புத்தகம் வைத்து, ஐயத்துக்குரிய ஆய்வக முடிவு எது வந்தாலும் எழுதிவையுங்கள் என்று மருத்துவர்களையும் செவிலியர்களையும் கேட்டுக்கொண்டார்கள். மூன்று மாதங்களில் 40,490 பரிசோதனைகள். அவற்றில் உறுதிப்பட்ட பிழைகள் 189.

1997இல் வெளிவந்த அந்த ஆய்வின் சிறப்பு, 189 பிழைகளும் எந்த இடத்தில் நேர்ந்தன என்று பிரித்துப் பார்த்ததுதான். கருவியில் நேர்ந்தவை 13.3 விழுக்காடு. முடிவு வெளிவந்த பின் நேர்ந்தவை 18.5 விழுக்காடு. மாதிரி கருவிக்குப் போகுமுன் நேர்ந்தவை 68.2 விழுக்காடு. பெரும்பாலான பிழைகள் நோயாளியைப் பாதிக்கவில்லை. ஆனால் 37 பேருக்குத் தேவையற்ற மறுபரிசோதனைகள் நடந்தன. 12 பேருக்குச் சிகிச்சையே தவறாக மாறியது.

பத்தாண்டுகள் கழித்து அவர்களே அதே இடத்தில் மீண்டும் கணக்கெடுத்தார்கள். இம்முறை 51,746 பரிசோதனைகளில் 160 பிழைகள். நூற்றுக்கு 0.47 என்றிருந்தது 0.31 ஆகக் குறைந்திருந்தது. எண்ணிப் பார்த்தால் குறைக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பிழைகள் நேரும் இடங்களோ பெரிதும் மாறவில்லை. 61.9 விழுக்காடு கருவிக்கு முன்னே நிகழ்ந்தவை.

பெயரில் தொடங்கும் ஆபத்து

கருவிக்கு முன் நேரும் பிழைகளில் மிகக் கொடியது ஆள் மாறுவது. 2003இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று, பத்து நாடுகளின் 71 மருத்துவமனைகளில் ரத்தவகை அறிய எடுத்த மாதிரிகளை ஆராய்ந்தது. ஏறத்தாழ 2,000 மாதிரிகளுக்கு ஒன்றில், குழாயின் மீது ஒருவர் பெயரும் உள்ளே வேறொருவர் ரத்தமும் இருந்தன. அந்தக் குழாயை உலகின் மிகச் சிறந்த ஆய்வகத்துக்கு அனுப்பினாலும் சரியான ரத்தவகையைத் தவறான ஆளுக்குச் சொல்லும். ஓ வகை ரத்தம் உடைய ஒருவருக்கு ஏ வகை ரத்தத்தை ஏற்றிவிட்டால் அவர் உயிருக்கே உலைவைக்கும்.

தமிழ்நாட்டில் இந்த ஆபத்து கூடுதலானது. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் இல்லை. ஓர் எழுத்தை முன்னால் போட்டுப் பெயர் சொல்கிறோம். ஒரு பிரசவ வார்டில் ஒரே நாளில் எஸ். லட்சுமி இருவர் இருக்கலாம். காலையில் அவசரமாக வரும் ஊழியர் "நீங்கதானே லட்சுமி?" என்று கேட்டால், அரைத் தூக்கத்தில் இருப்பவரும் காது மந்தமானவரும் வலியில் துடிப்பவரும் ஆமென்றே தலையாட்டுவார்கள். "உங்க பேர் என்னம்மா? அப்பா பேர், இல்லேன்னா வீட்டுக்காரர் பேர் என்ன?" என்று கேட்க வேண்டும். பெயரை நோயாளியின் வாயிலிருந்து வரவழைக்க வேண்டும். அத்துடன் மருத்துவமனைப் பதிவு எண்ணையும் ஒப்பிட வேண்டும்.

இதையொட்டி இன்னொரு விதி. குழாயில் பெயர்ச்சீட்டை ரத்தம் எடுத்தவுடன், நோயாளியின் பக்கத்திலேயே ஒட்ட வேண்டும். முன்கூட்டியே ஒட்டிவைத்த குழாய்களும், செவிலியர் மேசைக்குப் போன பிறகு ஒட்டும் சீட்டுகளும் ஆள் மாற வழி திறக்கின்றன. முதல் முறையாக ரத்தம் ஏற்றப்படுபவருக்கு, வெவ்வேறு நேரத்தில் எடுத்த இரண்டு மாதிரிகளில் ரத்தவகை ஒத்துவந்தால்தான் ரத்தம் வழங்குவது என்ற நடைமுறை இங்கிலாந்தில் உண்டு. அதற்கு ஆகும் செலவு ஒரு குழாய், ஓர் ஊசி. காப்பாற்றுவது ஓர் உயிர்.

ஊசிக்கும் கருவிக்கும் இடையே

அடுத்தது ரத்தம் எடுக்கும் முறை. கையில் கட்டும் ரப்பர் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கிவைத்தால் புரதம், கால்சியம் போன்றவை கூடிக் காட்டும். விரல்களை மடக்கி விரிக்கச் சொன்னால் பொட்டாசியம் ஏறும். குளுக்கோஸ் இறங்கும் கையிலேயே ரத்தம் எடுத்தால் சர்க்கரை அளவு எங்கோ போய் நிற்கும். குழாய்களின் வரிசைக்கும் காரணம் உண்டு. ஊதா மூடிக் குழாயில் உள்ள ரத்தம் உறையாமல் காக்கும் மருந்தில் பொட்டாசியம் இருக்கிறது. அதில் எடுத்த ரத்தத்தைச் சிவப்பு மூடிக் குழாயில் ஊற்றினால் பொட்டாசியம் பொய்யாக உயரும், கால்சியம் பொய்யாகத் தாழும். நீல மூடிக் குழாயில் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு மருந்து என்பது அளவு. பாதிதான் நிரம்பியது என்றால், ரத்தம் உறைய அதிக நேரம் ஆவதாகக் காட்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் இதய நோயாளிக்கு அந்த எண்ணை நம்பி மாத்திரையைக் குறைத்தால் விளைவு என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

பிறகு பயணம். சிற்றூரின் சேகரிப்பு மையத்தில் காலை ஏழு மணிக்கு எடுத்த ரத்தம், இரு சக்கர வண்டியிலும் பேருந்திலும் ஏறி நண்பகலில் நகரத்து ஆய்வகத்தை அடைகிறது. குழாய்க்குள் இருக்கும் ரத்த அணுக்கள் உயிருள்ளவை. அவை சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கின்றன. தடுக்கும் மருந்தில்லாத குழாயில், அறை வெப்பத்தில், மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு வரை சர்க்கரை குறைகிறது. நம் சித்திரை வெயிலில் இன்னும் வேகமாகக் குறையும். நீரிழிவு உள்ளவருக்கு இல்லை என்று முடிவு வர இது போதும். கெடாமலிருக்கட்டும் என்று குழாயைக் குளிர்பெட்டியில் வைத்தால் வேறொரு தீங்கு. குளிரில் அணுக்களின் பொட்டாசியத்தை உள்ளே பிடித்துவைக்கும் ஏற்பாடு தளர்ந்து, பொட்டாசியம் வெளியே கசிகிறது. சீரத்தைப் பிரித்தெடுத்த பிறகே குளிரில் வைக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு சேகரிப்பு மையத்திலும் சீரத்தைப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் ஒன்றும் அதை இயக்கத் தெரிந்த ஆளும் இருப்பது, நகரத்து ஆய்வகம் கோடி ரூபாய்க் கருவி வாங்குவதைவிட முந்தைய தேவை.

மழைக்காலத்தில் டெங்குக் காய்ச்சல் பரவும்போது தட்டணுக்களின் எண்ணிக்கை வீடுதோறும் பேச்சாகிறது. குழாயை எட்டுப் பத்து முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்திக் கலக்காவிட்டால் ரத்தத்தில் நுண்கட்டிகள் உண்டாகும், தட்டணுக்கள் அவற்றில் சிக்கிக்கொள்ளும். சிலருடைய ரத்தத்தில், ஊதா மூடிக் குழாயின் மருந்து பட்டதுமே தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. கருவி அவற்றைத் தனித்தனியே எண்ண முடியாமல் 30,000 என்று சொல்லும். உடம்பில் இரண்டு லட்சம் இருக்கலாம். கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்கும் நுட்புநர் ஒரே பார்வையில் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடுவார். அவருக்கு அந்த ஐந்து நிமிடம் கிடைக்க வேண்டும். நூறு மாதிரிக்கு ஓர் ஆள் என்று நிற்கவைத்தால் அந்த ஐந்து நிமிடத்தைத்தான் முதலில் இழக்கிறோம்.

எதை, எப்போது, எதற்காக

சரியாக எடுத்து, சரியாக அளந்தாலும் தேவையற்ற பரிசோதனை பிழையையே தரும். டெங்குவை முதல் நாள்களில் காட்டுவது என்.எஸ்.1 சோதனை. ஐ.ஜி.எம். எதிர்ப்புப் புரதம் பொதுவாக ஐந்தாம் நாளையொட்டித்தான் தெரியத் தொடங்கும். இரண்டாம் நாளில் ஐ.ஜி.எம். மட்டும் பார்த்து டெங்கு இல்லை என்று சொல்வது ஆய்வகத்தின் குற்றமாகாது, ஆனால் நோயாளிக்கு அது பிழைதான். காய்ச்சல் எத்தனையாவது நாள் என்று கோரிக்கைச் சீட்டில் ஒரு வரி எழுதியிருந்தால் ஆய்வகமே எச்சரித்திருக்கும். டைஃபாய்டுக்கு ஒரே ஒருமுறை விடால் சோதனை செய்து மருந்து தொடங்கும் வழக்கமும் இத்தகையதே. அந்நோய் பரவலாக உள்ள ஊரில் நலமாக இருப்பவர் ரத்தத்திலும் அந்த எதிர்ப்புப் புரதம் இருக்கும். நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்குமுன் ரத்தத்தை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவதே நேர்வழி.

முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இயல்பு எல்லை என்று ரிப்போர்ட்டில் அச்சிடுவது, நலமானவர்களில் 95 விழுக்காட்டினர் அடங்கும் எல்லை. அப்படியானால் நலமாக இருக்கும் இருபது பேரில் ஒருவர் எல்லைக்கு வெளியே நிற்பார். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இருபது பரிசோதனைகளை ஒருவருக்கே செய்தால், ஒன்றாவது எல்லை தாண்டிவிடும் வாய்ப்பு 64 விழுக்காடு. அந்த ஓர் எண்ணுக்காக மறுபரிசோதனை, ஸ்கேன், தூக்கமில்லாத இரவுகள். காரணமில்லாத பரிசோதனையும் நோயாளியின் பாதுகாப்புக்கு எதிரானதே.

முடிவு போய்ச் சேர வேண்டிய இடம்

தலைமடையைத் தூர்வாரிவிட்டுக் கடைமடையை மறந்தால் பயிர் காய்ந்துபோகும். ஆய்வகத்தின் கடைமடை, முடிவைப் பார்த்து ஒருவர் நோயாளிக்குச் செயலாற்றும் இடம். பரிசோதனை மருத்துவரின் எண்ணத்தில் தொடங்கி மருத்துவரின் செயலில் முடிகிறது என்று அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் ஜார்ஜ் லண்ட்பெர்க் 1981இல் எழுதினார். உடனே கவனிக்காவிட்டால் உயிர் போகும் எண்கள் எவை என்று பட்டியலிட்டு, அவை வந்தால் ஆய்வகமே தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்ற நடைமுறையை 1972இலேயே அறிமுகம் செய்தவரும் அவரே. பொட்டாசியம் 6.8, சர்க்கரை 38 போன்றவை அத்தகைய எண்கள். கேட்பவர் அதை எழுதித் திருப்பிப் படிக்க வேண்டும். சொன்னவர், கேட்டவர், நேரம் மூன்றும் பதிவாக வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டோம் என்பது தெரிவித்தது ஆகாது.

அலகு வேறுபாடும் கவனத்துக்குரியது. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ பணியாற்றித் திரும்பியவரின் ரிப்போர்ட்டில் சர்க்கரை 7 என்றிருக்கும். அது மில்லிமோல் கணக்கு. பதினெட்டால் பெருக்கினால் நம் கணக்கில் 126, அதாவது வெறும் வயிற்றில் எடுத்திருந்தால் நீரிழிவின் வாசல். எண்ணோடு அலகையும் சேர்த்துச் சொல்லாத ரிப்போர்ட் அரைகுறை ரிப்போர்ட்.

முடிவு போய்ச் சேராததன் கொடுமையை நம் மாநிலம் கண்ணால் கண்டது. 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில், அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது தெரியவந்தது. அந்தக் கொடையாளி 2016இலும் ரத்தம் கொடுத்தவர். அப்போதே தொற்று கண்டறியப்பட்டிருந்தும் அச்செய்தி அவருக்குப் போய்ச் சேரவில்லை. பிறகு வேறொரு சோதனையில் தாமாகவே அறிந்து, மருத்துவமனைக்கு முதலில் சொன்னவரும் அந்த இளைஞர்தான். 2016இல் சரியாக வந்த ஒரு முடிவு உரியவர் கையில் சேர்ந்திருந்தால், அவருக்குச் சிகிச்சை கிடைத்திருக்கும், அந்தத் தாய்க்கு அந்த ரத்தம் போயிருக்காது. சரியான முடிவும் சென்று சேராவிட்டால் தவறான முடிவுக்குச் சமம்.

பிழையைச் சொல்பவரைக் காப்போம்

இத்தகைய நிகழ்வு வந்தவுடன் நாம் கேட்பது, யார் செய்தது என்பதே. இடைநீக்கம், பணிநீக்கம், ஒரு வாரப் பரபரப்பு, அதோடு முடிந்தது. அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 1999இல் வெளியிட்ட அறிக்கை, அந்நாட்டு மருத்துவமனைகளில் தவிர்க்கத்தக்க பிழைகளால் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர்வரை இறப்பதாக மதிப்பிட்டது. மோசமான மனிதர்களால் நேர்ந்தவை அல்ல இவை, நல்ல மனிதர்கள் மோசமான அமைப்பில் வேலை செய்வதால் நேர்ந்தவை என்பதே அதன் சாரம். தண்டனைக்கு அஞ்சும் நுட்புநர் பிழையை மறைப்பார். மறைந்த பிழை மறுநாள் வேறொருவருக்கு நேரும். ஆகவே தெரியாமல் நேர்ந்த பிழையைத் தாமே முன்வந்து சொல்பவருக்குப் பாதுகாப்பு வேண்டும். மாதிரியைச் சோதிக்காமலே எண்ணை எழுதி அனுப்புவது வேறு வகை. அது மோசடி, அதற்கு மன்னிப்பில்லை. இவ்விரண்டையும் பிரித்தறியும் நிர்வாகமே நல்ல நிர்வாகம்.

நாம் செய்யத்தக்கவை

இனி, செய்ய வேண்டியவற்றைத் தொகுத்துச் சொல்கிறேன். ஆய்வகத் தலைவர்களே, மாதந்தோறும் எண்ணுங்கள்: பெயர்ப் பிழையுள்ள மாதிரிகள் எத்தனை, சிவப்பணு சிதைந்த மாதிரிகள் எத்தனை, அளவு குறைந்தவை எத்தனை, அவசர எண்களைச் சொல்ல எத்தனை நிமிடம் ஆயிற்று என்று. அந்தக் கணக்கை வார்டுகளோடு பகிர்ந்துகொள்ளுங்கள். மருத்துவமனை நிர்வாகிகளே, ரத்தம் எடுப்பவர்களுக்கும் எடுத்துச் செல்பவர்களுக்கும் ஆண்டுதோறும் பயிற்சி கொடுங்கள். மருத்துவர்களே, கோரிக்கைச் சீட்டில் நோயின் விவரம் எழுதுங்கள். எண் நோயாளியோடு பொருந்தாவிட்டால் ஆய்வகத்தைக் கூப்பிடுங்கள். பொதுமக்களே, சாப்பிடும் மருந்துகளைச் சொல்லுங்கள். முடி வளர உண்ணும் பயோட்டின் மாத்திரைகூட மாரடைப்பைக் காட்டும் டிரோபோனின் சோதனையைப் பொய்யாகக் குறைத்துக் காட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் எச்சரித்திருக்கிறது.

அரசுக்கும் ஒரு கோரிக்கை. மருத்துவ நிலையங்களுக்கான சட்டம் தமிழ்நாட்டில் 1997இல் வந்தது, விதிகள் 2018இல் வந்தன. பதிவு செய்வது தொடக்கம் மட்டுமே. மருத்துவ ஆய்வகங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 15189 தரநிலையின் 2022ஆம் ஆண்டுப் பதிப்பு நோயாளிக்கு நேரக்கூடிய ஆபத்தையே நடுவில் வைத்துப் பேசுகிறது. அதன் அடிப்படையிலான என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெரிய ஆய்வகங்களோடு நின்றுவிடக் கூடாது. ஆரம்பச் சுகாதார நிலையத்தின் ஒற்றை நுட்புநர்கூட வேலூர் நடத்துவது போன்ற வெளித்தர ஒப்பீட்டில் பங்குபெற அரசு கட்டணம் ஏற்க வேண்டும். அவருக்குத் துணையாக இன்னொருவரை நியமிக்க வேண்டும்.

இங்கு அமர்ந்திருக்கும் மாணவர்களுக்கு முடிவாக ஒரு வேண்டுகோள். நாளை நீங்கள் ஒரு மாதிரியைக் கையில் எடுக்கும்போது, பெயர் பொருந்தவில்லை என்றால், மேலதிகாரி அவசரப்படுத்தினாலும், நோயாளியின் உறவினர் சத்தம் போட்டாலும், திருப்பி அனுப்புங்கள். மறுபடி ஒருமுறை ஊசி குத்துவதால் யாரும் இறப்பதில்லை. அப்படித் திருப்பி அனுப்பும் உங்கள் உரிமையைக் காப்பது எங்களைப் போன்ற மூத்தவர்களின் கடமை. இந்த அறக்கட்டளை யார் நினைவாக நிறுவப்பட்டதோ அவருக்கு நாம் செய்யக்கூடிய சிறந்த மரியாதையும் அதுவே.